புல்லியில் வச்ச பொட்டு

நான் கார் ஓட்டப் படிச்சதே ஐம்பது வயசுக்கு மேலதான். அதுக்கு முன்னாடி கோச்சடையில இருந்து சோழவந்தான்ல இருக்கிற எங்க வெத்தலைக் கொடிக்காலுக்குப் போகணும்னா, வெத்தலை கிள்ளுற ஆளுக அங்க காத்துக் கெடக்க, நான் இங்க வீட்டுக்காரர் குளிச்சு முடிக்கிறதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். என் பேர்ல ஒரு பழைய அம்பாசிடரை வாங்கி ஓட்ட ஆரம்பிச்ச பிறகுதான் அந்தப் பாடு ஒழிஞ்சது.

அந்த வண்டி, தை மாசம் மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர்ல பாயிண்ட் மாத்தினதுல இருந்து படுத்துக்கிச்சு. இழுக்க மாட்டேங்குது, சைலன்சர்ல டப்பு டப்புன்னு வெடிக்குது, ரெண்டு மைல் போறதுக்குள்ள தண்ணி கொதிக்குது. பிளக்ல தீப்பொறி சரியான நேரத்துல விழுதான்னு, இஞ்சின் முன்னாடி சுத்துற புல்லியில இருக்கிற மார்க்ல மெக்கானிக் ரெண்டு தடவை டைமிங் லைட் அடிச்சுப் பார்த்தார். "மார்க் கரெக்டா நிக்குதுக்கா. டைமிங்ல தப்பில்ல, இஞ்சின்தான் போச்சு"ன்னுட்டார். அம்புட்டுதான், வீட்டுக்காரர் மேலூர்ல ஒருத்தரைப் பிடிச்சு வண்டியைப் பேசி முடிச்சிட்டார். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்து எடுத்துக்குவாராம். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. எனக்கு வந்த கோவத்துல அன்னைக்கு ரசத்துக்கு உப்பே போடலை.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் பானட்டைத் திறந்தேன். மெக்கானிக் பட்டறையில ஸ்டூல் போட்டு உக்காந்து பார்த்துப் பார்த்தே பாதி வேலை படிச்சவ நான். முதல் பிளக்கைக் கழட்டி, அந்த ஓட்டையில ஒரு சைக்கிள் கம்பியை விட்டு, ஸ்டார்ட்டிங் ஹாண்டிலைப் போட்டு மெதுவா சுத்தினேன். பிஸ்டன் உச்சிக்கு வந்து கம்பி அசையாம நின்னுச்சு. குனிஞ்சு புல்லியைப் பார்த்தா, மெக்கானிக் மார்க்குன்னு நம்பின மஞ்சப் புள்ளி, அதுக்கு நேரா இஞ்சின்ல நீட்டிக்கிட்டிருக்கிற முள்ளுக்கு வர இன்னும் ஒரு விரக்கடை இருக்கு.

அதை நம்பி வச்சதுலதான் பொறி லேட்டா விழுந்திருக்கு. அந்தப் புள்ளியை வச்சதே நான்தான். ஆயுத பூஜைக்கு வைக்கிற சந்தனம் ரெண்டு நாள்ல உதிர்ந்து போகுதேன்னு, வாசல் கேட்டுக்கு அடிச்ச பெயின்ட்ல மிச்சத்தை எடுத்து, கை போன இடத்துலெல்லாம் பொட்டு வச்சிருந்தேன். புல்லிக்கும் ஒண்ணு. சாமி பேரைச் சொல்லி என் வண்டிய நானே கெடுத்து வச்சிருக்கேன். இதை இன்னைக்கு வரைக்கும் மெக்கானிக்கிட்ட சொல்லலை.

மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சேன். கிரீஸுக்கு அடியில நெசமான வெட்டு, முள்ளுக்கு நேரா இருந்தது. அதை ஒரு நூல் முன்னாடி நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினேன். பாயிண்ட் பிரிஞ்சு பொறி விழுற இடத்துல டெஸ்ட் பல்பு மினுக்குன்னுச்சு. அங்கேயே இறுக்கி, பிளக்கை மாட்டிச் சாவியைப் போட்டேன். ஒரே சுத்துல பிடிச்சது. யம்மாடி, அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுதுட்டேன்.

மேலூர்க்காரர் சரியா பத்துக்கு வந்தார். திரும்புறப்போ வண்டிய ஓட்டிட்டே போயிரலாம்னு பஸ்லதான் வந்திருந்தார். "ஏறுங்கண்ணே, ஒரு ரவுண்டு பார்த்துருவோம்"னு அவரைப் பின்னாடி உக்கார வச்சேன். வீட்டுக்காரர் என் பக்கத்துல. போன வாரம் ரெண்டாவது கியர்லயே மூச்சு வாங்கின பாலத்துல மூணாவதுல ஏறினேன். நடுப்பாலத்துல இன்னும் மிதிச்சேன், இன்னும் இழுத்தது. மனசெல்லாம் குளுந்துருச்சு. வீட்டுக்காரர் ரோட்டைப் பார்க்கலை, என்னையே பார்த்துக்கிட்டு வந்தார்.

"வண்டி நல்லாத்தானே இருக்கு. பேசினபடி எடுத்துக்கிறேன்ணே"ன்னு மேலூர்க்காரர் பின்னாடி இருந்து சொன்னார்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கிட்டார். "அவளைக் கேளுங்க. வண்டி அவளோடது."

நான் கண்ணாடியில பின்னாடி பார்த்தேன். "உங்களை மாட்டுத்தாவணியில இறக்கி விட்டுர்றேண்ணே. மேலூருக்கு அங்க நெறைய பஸ் நிக்கும்."