நாகமானும் அண்ணன் தலைமுடியும்

அண்ணன் பாலையாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, தங்கி வைத்தியம் பார்க்கத் திருப்பதியில் தங்கை சுமித்ராவின் ஒற்றை அறையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அவர் பெண்சாதி செத்து வருஷங்கள் ஆகியிருந்தன. மகன் பெங்களூரில் ஒரு சட்டைக் கம்பெனியில் துணி வெட்டிக்கொண்டிருந்தான். லீவு போட்டால் வேலை போய்விடும் என்று போனில் அழுதான். அவர்கள் ஊரான வெதுருகுப்பம் பக்கம் அந்த வருஷங்களில் கைகால் திடமாக இருந்தவர்கள் எல்லாம் இப்படித்தான் பெங்களூருக்கும் குவைத்துக்கும் சிதறிப் போனார்கள். சுமித்ராவின் புருஷனும் குவைத்துக்குப் போனான், போனதோடு சரி. அவள் லாட்ஜில் யாத்ரிகர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து வயிற்றைக் கழுவினாள். புருஷன் கைவிட்ட வருஷம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர்கள் தகரக் கொட்டகை ஜெபவீட்டுக்காரர்கள். அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் உறவு.

பாலையாவுக்கு முதல் மருந்து ஏற்றிய அன்று, இன்னும் சில வாரத்தில் முடி கொட்டிப்போகும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். வீட்டுக்கு வந்ததும் அவர் கரகரத்த குரலில் கேட்டார்.

"சுமித்ரா, மலைக்கு முடி குடுக்கறதா வேண்டிக்கினு கீறேன்மா. கொட்டறதுக்கு முன்ன குட்த்துடணும். தனியா ஒக்கார முடியல. நீ வந்து தோள புடிச்சிக்கினா போதும். நீ கும்புட வேணாம்."

"கேட்டுச் சொல்றேண்ணா" என்றாள்.

கேட்டுச் சொல்வதாவது! கூடப் பிறந்தவன் செத்துக்கொண்டிருக்கிறான். பஸ் ஏறிப் போய்வந்தால் ஒரு பகல் வேலை. ஆனால் அவளையும் எடுத்த எடுப்பில் திட்டிவிட முடியாது. ஜெபவீட்டை விட்டால் அவளுக்கு நாதியில்லை. அதைவிட, அவள் நிஜமாகவே கர்த்தருக்குப் பயந்தாள்.

ஜெபவீட்டு ஏசுபாதம் பாஸ்டர் கெட்டவர் இல்லை. பாலையாவுக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தவர்தான். ஆனால் மலை என்றதும் முகம் மாறிவிட்டது. கர்த்தருடைய பாத்திரத்திலும் மற்ற தெய்வங்களின் பாத்திரத்திலும் சேர்ந்து குடிக்க முடியாது என்று வேதத்தில் பவுல் எழுதியதைக் காட்டினார். "போனா திருவிருந்து அப்பத்துக்குக் கை நீட்டக் கூடாதும்மா" என்றார்.

மத்தியானங்களில் லாட்ஜ் மொட்டைமாடியில் விரிப்புகள் காயும் நேரத்தில் அவள் வேதத்தைப் பிரித்தாள். பாஸ்டர் காட்டிய வசனத்தோடு நிறுத்தாமல், அதற்கு முன்னும் பின்னும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். வேறு அதிகாரங்களைத் தேடிப் போனாள். அப்படித்தான் நாகமான் அகப்பட்டான். கர்த்தரால் குஷ்டம் நீங்கிய அந்நிய தேசத்துச் சேனாபதி. இனி கர்த்தரைத் தவிர யாரையும் சேவிக்க மாட்டேன் என்றவன், ஒன்றே ஒன்று கேட்கிறான்: என் ராஜா ரிம்மோன் சாமி கோயிலுக்குள் போகும்போது என் கைமேல் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டிவரும், அதைக் கர்த்தர் மன்னிப்பாரா? சமாதானத்தோடு போ என்கிறார் தீர்க்கதரிசி எலிசா.

அதைப் பாஸ்டரிடம் கொண்டுபோனாள். "எலிசா சரின்னு சொன்னாரா? போன்னுதானே சொன்னாரு" என்றார் அவர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கூடத் துவைக்கும் ரத்னம்மா வேறு சபைக்காரி, "இதுக்கெல்லாமா வேதத்தைப் பொரட்டுவ? போய்ட்டு வா" என்று சிரித்தாள். அந்தச் சுலபமும் அவளுக்கு ஒப்பவில்லை. தனக்குத் தோதான அர்த்தத்தை எடுத்துக்கொண்டால் அது கர்த்தர் சொன்னதாகாது, தன் ஆசை சொன்னது என்று பயந்தாள். உபவாசம் இருந்தாள். திரும்பப் படித்தாள்.

பாலையா மறுபடி கேட்கவே இல்லை. குளிருகிறது என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

ஒரு மத்தியானம் அவளுக்குத் தெளிந்தது. கை கொடுப்பது வேறு, கும்பிடுவது வேறு. தப்பாகவே இருந்தாலும், நாகமானும் மன்னிப்பைத்தானே கேட்டான்? பாதித் துணியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"அண்ணா, எழுந்திரு. மலைக்குப் போலாம். நான் புடிச்சிக்கறேன்."

பாலையா அவளையே பார்த்தார். பிறகு மெதுவாகத் துண்டை அவிழ்த்தார். தலை வழுவழுவென்று இருந்தது. காதோரம் நாலைந்து இழை ஒட்டிக்கொண்டிருந்தது.

"எப்பண்ணா?"

"அப்பவே கொட்ட ஆரம்பிச்சிச்சி. நீ வேலைக்குப் போனப்புறம் வாரித் தூரப் போட்டுடுவேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"நீ படிச்சிக்கினு இருந்தியேம்மா."

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மொட்டைத் தலையோடாவது போகலாம் என்று கெஞ்சினாள். குடுக்கிறேன் என்றதைக் குடுக்காமல் வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது என்று அவர் மறுத்துவிட்டார். அடுத்த மாதம் அவர் கண்ணை மூடிவிட்டார்.

அதற்குப் பின் வந்த திருவிருந்தில், அப்பத்தைப் பிட்குமுன் மனசில் உறுத்தல் உள்ளவர்கள் சொல்லலாம் என்றார் பாஸ்டர். சுமித்ரா எழுந்து நின்று, அண்ணனோடு மலைக்குப் போக முடிவு செய்ததைச் சொன்னாள்.

பாஸ்டர் பதறினார். "நீதான் போவவே இல்லையேம்மா. எதுக்கு இப்ப?"

"போவலதான் ஐயா. போறதுன்னு முடிவு பண்ணேன். நான் தப்பாப் படிச்சிருந்தா கர்த்தர் என்னைக் கேக்கட்டும். ஆனா அந்த முடிவு தப்புன்னு எனக்குத் தோணல. அத்த எடுக்க நாளாக்கினேன் பாருங்க, அதான் தப்பு. அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்கறேன்."

அப்பத் தட்டு அவளிடம் நீட்டப்படாமல், அவளைத் தாண்டிப் பக்கத்துப் பெண்ணிடம் போனது. சுமித்ரா எழுந்து போகவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.