கொப்பி அடித்ததாகச் சொல்லப்பட்டவர்கள்

பரீட்சை விசாரணைக் குழுவில் இருக்கிற விரிவுரையாளரைக் கன்ரீனில் கண்டால் பிள்ளைகள் வேறு மேசைக்குப் போய்விடுவார்கள், சக விரிவுரையாளர்களும்தான். நீங்களும் எங்காவது இந்த வேலையில் மாட்டியிருந்தால், தனியே இருந்து குடித்த பிளேன்டீயின் ருசி உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கொழும்பில் புள்ளிவிபரவியல் படிப்பித்த காலத்தில் நான் பல வருஷம் அந்தக் குழுவில் இருந்தேன். நாங்கள் மூன்று பேர். தலைவர் பேராசிரியர் சேனாரத்ன, சட்டம் படிப்பித்த நிஸ்ரீன், நான். பிள்ளை கொப்பி அடித்ததாக முறைப்பாடு வந்தால் கூப்பிட்டு விசாரித்து, என்ன செய்யலாம் என்று மேலே எழுதி அனுப்ப வேண்டும். நிரபராதி என்றால் முறையிட்டவர் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார். குற்றவாளி என்றால் பெற்றோர் வீடு தேடி வருவார்கள். என்றாலும் என் உத்தியோகத்தில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அந்த வேலையைத்தான்.

ஒரே பிழை

வெள்ளவத்தையில் ஒரே அறையில் தங்கிப் படித்த இரண்டு பெண்பிள்ளைகள். நிகழ்தகவுக் கேள்வி ஒன்றுக்கு இருவரும் ஒரே பிழையான விடையை எழுதியிருந்தார்கள். விடை மட்டுமல்ல, அதற்கு வந்த வழியும் வரிக்கு வரி ஒன்று. சரியான விடை ஒத்துப்போனால் பரவாயில்லை, பிழை எப்படி ஒத்துப்போகும் என்று திருத்தியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர்கள் இருந்தது மண்டபத்தின் இரண்டு கோடியில் என்று நிஸ்ரீன் சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. இரண்டு பிள்ளைகளும் அழுது களைத்துப்போய் இருந்தார்கள். தீர்ப்பு பிழைத்தால் இருவருக்கும் ஒரு வருஷம் போய்விடும்.

நான் புதிதாக ஒரு கணக்கை எழுதி, இருவரையும் வேறு வேறு அறையில் இருத்திச் செய்யச் சொன்னேன். இரண்டு தாளும் வந்தன. இருவரும் பெருக்க வேண்டிய அதே இடத்தில் கூட்டியிருந்தார்கள். பரீட்சைக்கு முதல் மூத்த மாணவர்கள் சும்மா எடுக்கிற வகுப்பைக் கம்பஸில் குப்பி என்பார்கள். இருவரும் ஒரே குப்பிக்குப் போய், பிழையான முறையை ஒழுங்காகப் பாடமாக்கி வந்திருக்கிறார்கள். தாள்களைப் பார்த்த திருத்துநர் தானாகவே முறைப்பாட்டை மீளப் பெற்றார். விடுதலை என்று சொன்னதும் இருவரில் சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்ப குப்பி எடுத்த அண்ணாவை விசாரியுங்கோ மிஸ், அவருக்கு இந்தப் பாடத்தில ஏ வந்ததாம்."

இரண்டு ஓம்

மட்டக்களப்பிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டில் தங்கியிருந்த பெடியன் ஒருவன். உள்ளங்கையில் சூத்திரம் எழுதி வந்தான் என்று முறைப்பாடு. கையை உடனே கழுவிவிட்டதால் வேறு சாட்சியம் இல்லை. ஆனால் மண்டபத்தில் வைத்தே எழுதிய வாக்குமூலம் இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று சிங்களத்தில், கீழே அவன் கையெழுத்து. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. மண்டபத்து மேற்பார்வையாளர்கள் சிங்களத்தில் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறான். வெளியே போக விடுகிற கடதாசி என்று நினைத்துக் கையெழுத்து வைத்திருக்கிறான்.

இந்த வாக்குமூலம் செல்லாது என்றேன். அதையும் தள்ளினால் கையில் ஒன்றும் மிஞ்சாது, பெடியன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவான் என்று பரீட்சை அலுவலகத்தார் எச்சரித்தார்கள். உன் ஊர்ப் பாஷைப் பிள்ளை என்பதால் பரிந்து பேசுகிறாயா என்ற பார்வையும் இருந்தது. நிஸ்ரீன் என் பக்கம் நின்றாள். சேனாரத்ன அந்தத் தாளில் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட்டு, தமிழில் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். பழைய தாள் இனி இல்லை, நீ எழுதவில்லை என்று சொன்னால் எங்களிடம் வேறு சாட்சியும் இல்லை என்று அவனுக்கு விளங்கப்படுத்தினேன். பிறகு, எழுதினாயா என்று கேட்டேன்.

அவன் கழுவிய உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். ஓம் என்றான். எந்தச் சூத்திரம், எத்தனை மணிக்கு எழுதினான் என்பதையும் தானே சொன்னான். உண்மை சொன்னதற்காகத் தண்டனையைக் குறைத்து அந்த ஒரு பாடத்தை மட்டும் இரத்துச் செய்தோம். அதன் பிறகு எங்கள் பீடத்தில் வாக்குமூலம் பிள்ளையின் மொழியில்தான் எடுக்கப்பட்டது. எழும்பிப் போகும்போது அவன் கதவடியில் நின்று சொன்னான்:

"முதல் சொன்ன ஓம் பயத்தில மிஸ், இதுதான் நான் சொன்ன ஓம்."

தலைவர் எழும்பினார்

ஒரு முறை வந்த ஆய்வுக் கட்டுரையில் ஒரு அத்தியாயம் முழுவதும் வேறொருவருடையது. எழுதியவன் சேனாரத்னவின் மிகக் கெட்டிக்கார மாணவன், வழிகாட்டியவரும் அவரே. அன்று அவர் தலைவர் ஆசனத்திலிருந்து எழும்பி, மேசையைச் சுற்றி வந்து, மாணவனுக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தார். அந்த அத்தியாயத்தைத் தான் வாசிக்காமலே கையெழுத்திட்டதாக அவர் எழுத்தில் தந்தார். மாணவனுக்கு ஒரு வருஷத் தடை, அவருக்கு எழுத்தில் கண்டனம். இரண்டையும் நானும் நிஸ்ரீனும்தான் எழுதினோம். அவரைக் குற்றம்சாட்டியவர்கள் யாருமில்லை. அவரை வெளியே இருக்கச் சொல்லலாமா என்று நாங்கள் தயங்கியபோது அவர் சிங்களத்தில் சொன்னது இதுதான்:

"அவனிடம் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேளுங்கள், நான் வெளியே போகமாட்டேன்."

கதிரை

கடைசியாக ஒன்று. புறக்கோட்டையில் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்துப் பெண், பரீட்சை நடுவில் கழிவறையில் போனோடு பிடிபட்டாள். மறுக்க வழியில்லை. அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. என்ன தண்டனையும் கொடுங்கள், வெளியில் தெரிகிற மாதிரி மட்டும் வேண்டாம் என்று தகப்பன் கும்பிட்டுக் கேட்டார். மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததையே அவளுக்கும் கொடுத்தோம். ஒரு வருஷம். சம்பந்தம் முறிந்துபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன், ஆனால் பல நாள் அது மனதை விட்டுப் போகவில்லை.

சில வருஷம் கழித்து வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றபோது ஒருத்தி என் எதிரில் வந்து நின்றாள். அந்தப் புறக்கோட்டைப் பெண்தான் என்று எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. என்ன சொல்லப் போகிறாளோ என்று கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பட்டம் முடித்து வங்கியொன்றில் வேலை செய்கிறாளாம். மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றாள். நான் ஏறுவதற்கு முன் சொன்னாள்:

"அந்த வருஷத்த நான் இன்னும் மறக்கல மிஸ், ஆனா எல்லாரும் என்னைய நிக்க வச்சுத்தான் கேட்டாங்க, நீங்க மூணு பேரும்தான் உக்காரச் சொன்னீங்க."

எங்கள் பல்கலைக்கழகத்தில் மற்றவர்கள் எல்லாரும் பட்டதாரிகளை நேரத்துக்கு உருவாக்கினார்கள், நாங்கள் மூன்று பேர் மட்டும் சிலரைக் கொஞ்சம் பிந்தி உருவாக்கினோம்.