பால்பேணியில் ஒரு தொட்டாற்சுருங்கி

நண்பர்களே, இன்று கந்தோர் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் யன்னலைத்தான் பார்த்தேன். என் தொட்டாற்சுருங்கியைக் காணவில்லை.

ஹந்தானைப் பாதையோரத்தில் கையெல்லாம் முள் குத்தப் பிடுங்கி வந்து, பால்மா முடிந்த தகரப் பால்பேணியில் நட்டு, வெயில் படும் பக்கம் திருப்பித் திருப்பி வைத்து வளர்த்த செடி. மாலையில் வந்ததும் விரலால் தொடுவேன். இலைகள் மெல்லக் கூம்பும். இந்தக் கண்டியில் நான் வந்துவிட்டதை அறிகிற ஒரே சீவன் அதுதான்.

நானா என்று நான் கூப்பிடும் வீட்டுக்காரர் சிரித்தபடி வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, உங்கட பேணியில காட்டுப் பூண்டு மொளச்சி ஈந்திச்சி. புடுங்கி வீசிட்டேன். நல்ல கறிவேப்பிலைக் கண்டு ஒண்ணு நட்டு வெச்சீக்கேன்."

மூன்று வேளையும் சாப்பாட்டுக் கடையில் சாப்பிடுகிற எனக்குக் கறிவேப்பிலை! ஆனாலும் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபின் எனக்கென்று ஒருவர் யோசித்துச் செய்த முதல் காரியம் அது. கோபிக்க மனம் வரவில்லை.

"பெரிய உபகாரம், நானா" என்றேன்.

அவர் போனதும் விளக்கை ஏற்றிவைத்துக் கறிவேப்பிலையை விரலால் தொட்டேன். சும்மா நின்றது. இன்னொருமுறை தொட்டேன். அப்போதும் அப்படியே.

நண்பர்களே, நீங்களாவது பதில் எழுதுங்கள்.