வெட்ட வெட்ட வந்த பூட்டு

இது நடந்தது. மத்தியான வெயிலில் ஏது பேய் என்று இளிக்கிறவர்கள் தாராளமாக இளித்துக்கொள்ளலாம். சுஃபியா பொய் சொல்கிற பெண் அல்ல.

மதுரையில் பரவைக்கு அந்தப் பக்கம், வயலை மேடாக்கிக் கட்டிய ஒரு கம்பெனி. நூறு பேர் ஏறுகிற விமானத்தை மின்சாரத்தில் பறக்கவைக்கும் மோட்டாரை அங்கே ஓட்டிப் பார்க்கிறார்கள். மூவாயிரம் வோல்ட். தொட்டால் ஆள் கரிக்கட்டை. அதனால் ஒரு சட்டம் உண்டு. மோட்டார் அறைக்குள் போகிறவர் தன் பெயர் எழுதிய பூட்டை வெளியே மெயின் சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பூட்டு தொங்கினால் சுவிட்ச் அசையாது. மாட்டியவரே வந்து கழற்ற வேண்டும்.

மேலாளர் வெள்ளைத்துரைக்கு இந்தச் சட்டமே கேலி. வாயாலேயே வடை சுட்டு மேலே வந்த மனுஷன். வீட்டில் ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டில் ஆள் தேடுவார். பூட்டெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்காம்!

அன்று ஒரு மணிக்கு முதலீட்டாளர்கள் வீடியோவில் மோட்டாரைப் பார்க்கப்போகிறார்கள். 12.20. அங்கே இன்ஜினியரான சுஃபியாவும் மெக்கானிக் மொக்கையனும் உள்ளே வேலையை முடித்து வெளியே வந்து, அவரவர் பூட்டைக் கழற்றினார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சுஃபியா கை கழுவி ரெண்டு வாய் சாப்பிடப் போனாள்.

12.41. சுவிட்சைப் போட வந்தாள்.

ஒரு பூட்டு தொங்கியது. அழகுமலை என்று எழுதியிருந்தது. அப்படி ஒருவர் அந்தக் கம்பெனியிலேயே இல்லை.

வெள்ளைத்துரை வந்து பெயரைப் படித்தார். முகம் வெளுத்தது. யார் அது என்று கேட்கவே இல்லை.

"வெட்டு."

"சார், உள்ள யாராச்சும்..."

"எவனும் இல்ல. தள்ளு."

பூட்டு வெட்டும் கட்டரை எடுத்து அவரே வெட்டினார். டக். பூட்டு தரையில் விழுந்தது.

12.44. சுவிட்சில் பூட்டு தொங்கியது. அதே பெயர். தரையில் ஒன்றுமில்லை...

மறுபடி வெட்டினார். டக்.

மறுபடி தொங்கியது...

உள்ளே சத்தம். டொக்... டொக்... டொக்...

"எலி" என்றார். எலியாம்! சுவிட்சின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

அசையவில்லை.

"யா அல்லாஹ்..." சுஃபியா ஓடிப்போய் அறைக் கதவைத் திறந்தாள்.

மோட்டாருக்கு அடியில் மொக்கையன் படுத்திருந்தார். காதில் சத்தம் தடுக்கும் மூடி. கசிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார்தான் போகச் சொன்னாரு தங்கச்சி. ரெண்டு நிமிச வேலைக்குப் பூட்டு எதுக்குடான்னாரு."

அனுப்பியதையே மறந்த தலை அது. அந்தத் தலைக்குத்தான் ஏசி ரூம்.

"நீங்கதான் தட்டுனீங்களாண்ணே?"

"நான் எங்க தட்டுனேன்?"

திரும்பிப் பார்த்தாள். சுவிட்சில் பூட்டு இல்லை.

அந்தப் பெயரைப் படித்ததும் அவர் முகம் வெளுத்ததை சுஃபியா மறக்கவில்லை. வெள்ளைத்துரை முன்பு கோயம்புத்தூரில் வேலை பார்த்த கம்பெனியில் விசாரித்தாள். அழகுமலையின் மனைவி செல்லக்கிளி இப்போது மதுரை வில்லாபுரத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். நாலாம் நாள் நேரில் போனாள்.

"மூணு வருசம் ஆச்சும்மா. அவரு உள்ள இருக்கயிலேயே கரண்ட விட்டுட்டாங்க. பூட்டு மாட்டிட்டுத்தான் போனாரு. அந்த வெள்ளைத்துரைதான் வெட்டச் சொன்னான்."

"அந்தப் பூட்டு?"

"எங்கிட்டதான் இருக்கு, ரெண்டு துண்டா. இரு, காட்டுறேன்."

செல்லக்கிளி பீரோவைத் திறந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். அவிழ்த்தார். கை அப்படியே நின்றது.

பூட்டு முழுசாக இருந்தது. பூட்டியும் இருந்தது.