ஆள் சேராத விமானம்

அந்த மலையூர் விமான நிலையத்தின் ஒலிபெருக்கிக் குரல் அவளுடையது. விமானம் வருகிறது, போகிறது, இன்றைக்குக் கிடையாது என்று எதையும் ஒரே தேன் குரலில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

முன்பெல்லாம் 'கிடையாது' அபூர்வம். லாபம் கொழிக்கும் பெருநகரப் பாதை வேண்டுமென்றால் இந்த ஊருக்கும் தினமும் பறந்தாக வேண்டும், குறித்த கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று விமானக் கம்பெனிக்கு அரசாங்க விதி இருந்தது. ஒரே ஒரு வாத்தியாரை ஏற்றிக்கொண்டு விமானம் கிளம்பியதை அவளே பார்த்திருக்கிறாள். ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அதில் வயிற்றெரிச்சல். "காத்தை ஏத்திக்கிட்டுப் போக ஒரு விமானமா?" என்று கேலி பேசினார்கள். விதியை எடுத்தபோது கைதட்டினார்கள். முதல் மாதம் பஸ் கட்டணத்தில் டிக்கெட் கிடைத்தது. பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு கட்டணம் எகிறியது, ஆள் சேர்ந்தால்தான் பறக்கும் என்றும் ஆனது. சந்தைக்குப் போகும் வேன்காரனும் அப்படித்தான். ஆனால் அவன் முன்கூட்டியே காசை வாங்கிப் போட்டுக்கொள்வதில்லை.

ஒரு நாள் காலை அவள் தம்பிக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. வருடக்கணக்காகக் காத்திருந்த சிறுநீரகம் கிடைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் பெருநகரத்தில் இருக்க வேண்டும். சாலை வழி என்றால் மறுநாள்தான். தம்பி பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

மேலாளர் ஒரு தாளை நீட்டினார். தொழில்நுட்பக் காரணங்களால் ரத்து.

"விமானத்துக்கு என்ன சார்?"

"அது நல்லாத்தான் இருக்கு. பாதிகூட நிறையல. நீ படி."

"சார், என் தம்பி..."

"தெரியும்மா. மேலிடத்து உத்தரவு, நான் என்ன பண்ண? எல்லாருக்கும் பிஸ்கட் கொடுக்கச் சொல்லியிருக்கேன்."

பிஸ்கட்! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மைக்கை ஆன் செய்தாள். "பயணிகள் கவனத்திற்கு. விமானத்தில் ஒரு கோளாறும் இல்லை. ஆள் சேராததால் கம்பெனி அதை ரத்து செய்திருக்கிறது." அதே தேன் குரல்தான்.

பயணிகள் கூச்சல் போட்டார்கள். பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டார்கள். மேலாளர் அவளை வேலையை விட்டுப் போகச் சொன்னார். விமானம் வெயிலில் சும்மா நின்றது.

பொழுது சாயும்போது மருத்துவமனையிலிருந்து மறுபடி அழைப்பு. தம்பி திரையைப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினான். அவள் போனை வாங்கினாள்.

"இனிமே காத்திருக்க முடியாதும்மா, அடுத்தவருக்குக் கொடுத்தாகணும். ஏன் வரல? விமானத்துல இடம் கிடைக்கலையா?"

"நிறைய இடம் காலியா இருந்துச்சு டாக்டர்," என்றாள். "அதனாலதான் வர முடியல."