சிவப்புப் பட்டை அடித்த மரம்

இரண்டு வருடத்துக்கு முன், ஆடி மாதத்தில், பார்படாஸ் என்ற தீவில் நடந்தது இது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். என் மருமகன் அங்கே ஓட்டலில் சமையல் வேலை செய்கிறார். மகளுக்கு இரண்டாவது பிரசவம் என்று என்னையும் என் மனைவியையும் வரவழைத்தார்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். கல்வராயன் மலை அடிவாரத்தில் மரவள்ளிக்கிழங்கு லாரிகளுக்கு மூட்டை ஏற்றுகிறேன். அதுவரை சென்னையைத் தாண்டியதில்லை. புது ஆள் எதிரில் நின்றால் எனக்குப் பேச்சே வராது.

கிளம்பும் முன் மகள் போனில் நிறையச் சொன்னாள். விமானத்தில் குளிரும், சால்வையைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கொசுவுக்கு முழுக்கைச் சட்டை வேண்டும். கடையோ பஸ்ஸோ, முதலில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மற்றதைக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் மரியாதை தெரியாதவன் என்று நினைப்பார்கள். கடைசியாக ஒன்று சொன்னாள்.

"அப்பா, அந்தப் பட்டாளத்து டிசைன் தொப்பிய எடுத்துக்கினு வராத. இங்க பட்டாளத்துக்காரங்க மட்டும்தான் அத போடலாம், மத்தவங்க போட்டா போலீஸ் புடிச்சிடும்."

"தொப்பிக்கா புடிப்பாங்க?" என்றேன்.

"உன் மூஞ்சிக்குத் தொப்பி இல்லாமலே புடிப்பாங்க, வெச்சிட்டு வாய்யா" என்றாள் பக்கத்தில் இருந்த என் மனைவி.

பயந்துகொண்டேதான் போனேன். அங்கே இறங்கிப் பார்த்தால் கரும்பு, மரவள்ளி, வாழை, தென்னை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணலூர்பேட்டை பக்கம் போகிற மாதிரியே இருந்தது. வண்டிகள்கூட நம் ஊரைப் போல இடப்பக்கமே போகின்றன. நாலு நாளில் பயம் விட்டுப்போயிற்று.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும், மூன்று வயதுப் பேத்தியைக் கவனிப்பது என் வேலை ஆனது. காலையில் அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போவேன். அங்கே என் வயது இருக்கும் ஓர் அம்மா தள்ளுவண்டியில் இளநீர் விற்பார். தினமும் 'குட் மார்னிங்' சொல்வார். நான் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மலையில் மழை வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? அடர்ந்த மரமாகப் பார்த்து ஒதுங்குவோம். அப்படித்தான் ஒரு மரத்தடிக்கு ஓடினேன். அதன் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருந்தது. தியாகதுருகம் ரோட்டில் புளியமரங்களுக்குக் காவியும் வெள்ளையும் அடிப்பார்களே, அதுபோலத்தான் என்று நினைத்தேன். பேத்தியை இடுப்பில் வைத்து, அவள் தலைமேல் என் துண்டைப் போட்டு மூடினேன். கீழே இறங்கிக் கிடந்த கிளையிலிருந்து அவள் ஒரு பழத்தைப் பறித்துக்கொண்டாள். சின்ன ஆப்பிள் மாதிரி, நல்ல வாசனை.

அந்த இளநீர் அம்மா எங்களைப் பார்த்துக் கை வீசிக் கத்த ஆரம்பித்தார். யாருடைய இடத்திலோ நிற்கிறோம், திட்டுகிறார் என்று நினைத்தேன். வெட்கப்பட்டு இன்னும் உள்ளே தள்ளி நின்றேன். அவர் மழையிலேயே ஓடி வந்தார். பேத்தி வாய்க்குக் கொண்டுபோன பழத்தைத் தட்டிவிட்டார். அவளை என் இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

"ஏ, புள்ளய குடு! புள்ளய குடு!" என்று கத்திக்கொண்டே துரத்தினேன். அடிக்கக் கையைக்கூட ஓங்கிவிட்டேன். அவர் திரும்பி மரத்தைக் காட்டி, "பாய்சன்! பாய்சன்!" என்றார். வயலில் மருந்து அடித்திருக்கிறேன். விஷத்துக்குச் சொல்லும் அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும். என் கை தானாகக் கீழே இறங்கியது.

வண்டியில் இருந்த தண்ணீர் கேனைத் திறந்து, சோப்புப் போட்டுப் பேத்தியின் கை, வாய், கால் எல்லாம் கழுவினார். பிறகு என் தலையில் ஊற்றினார். அதற்குள் என் கழுத்தும் தோளும் தீப்பட்டது போல எரிந்தன. பிறகு கொப்புளம் வந்து, கண் வீங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த மரத்தின் பால் மழைத்தண்ணீரோடு சொட்டினாலே தோல் வெந்துவிடுமாம். தொடாதே என்று சொல்லத்தான் சிவப்புப் பட்டையாம். பழத்தைக் கடித்திருந்தால் குழந்தையின் தொண்டை வீங்கி மூச்சு அடைத்திருக்கும் என்று டாக்டர் மகளிடம் சொன்னார். பேத்திக்குக் காலில் ஒரு சின்னக் கொப்புளத்தோடு போயிற்று.

கண் வீக்கம் வடிந்ததும் மகளோடு அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். எங்களை இழுக்க வந்தபோது அந்தப் பால் பட்டு, அவர் முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது. அவரைக் கும்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"நீ அடிச்சாலும் அடிச்சிக்கோ, புள்ளய மட்டும் வுடக் கூடாதுன்னு ஓடினாங்களாம்பா" என்றாள் மகள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

வெளிநாடு போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். புதிதாகத் தெரிவதைப் பற்றி நாமே விசாரித்துக்கொள்வோம். நம் ஊர் மாதிரியே இருப்பதைப் பற்றித்தான் கேட்காமல் விட்டுவிடுவோம். இப்போது கள்ளக்குறிச்சியில் வடநாட்டு வேலையாட்கள் யாராவது புரியாத மொழியில் என்னைப் பார்த்துக் கத்தினால், எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்கள் கை எந்தப் பக்கம் நீள்கிறது என்றுதான் முதலில் திரும்பிப் பார்க்கிறேன்.