டூவேயின் திருகுகள்

நெதர்லாந்தின் டோக்கும் ஊரில், மக்கள் கொண்டுவரும் பழுதான பொருள்களைத் தன்னார்வலர்கள் சரிசெய்து தரும் பழுதுபார்ப்புக் கூடத்தில் டூவேக்கு இருந்த வேலை காபி ஊற்றுவது. கிடங்கு வேலை போனதிலிருந்து அதுதான். அவன் ஆசைப்பட்டதோ மடிக்கணினி மேசையில் ஒரு நாற்காலி. செத்துப்போன மூன்று மடிக்கணினிகளைப் பிரித்து அவனே ஒன்றைக் கட்டியிருந்தான். அடிப்பாகம் பள்ளி கழித்துப்போட்டது, திரை பக்கத்து வீட்டுக்காரருடையது, தாய்ப்பலகை இந்தக் கூடத்தின் உதிரிப்பெட்டியில் கிடந்தது. சூடேறினால் அது தானாக அணைந்துவிடும்.

கூடத்தை நடத்தும் அன்னகீன் சொல்லியிருந்தாள்: "சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் அதைச் சரிபண்ணிக் காட்டு. ஓடிச்சுன்னா நாற்காலி உனக்கு. இல்லன்னா காபியோட நில்லு, மறுபடி கேக்காத."

சனிக்கிழமை டூவே தாளில் அடிப்பாகத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் அதன் இடத்திலேயே வைத்தான். விசிறியின் தூசியைத் தட்டினான், சூட்டை வெளியே கடத்தும் பசை காய்ந்திருந்ததை வழித்துப் புதிதாகத் தடவினான். தையல் மேசையிலிருந்து அக்கா ஹிஸ்கே பக்கத்தில் இருந்தவளிடம், "பாத்தியா, என் தம்பி கையை," என்றாள்.

"டூவே, இங்க காபி தீந்துபோச்சு," என்று யாரோ கூப்பிட்டார்கள். போய் ஊற்றிவிட்டு வந்தான்.

மூடும்போது ஒரு திருகு இறுக்கமாகத் திரும்பியது. பல உடல்களிலிருந்து கட்டிய இயந்திரத்தில் எதுவும் சரியாகப் பொருந்தாது. ஒவ்வொரு தடவையும் எதையாவது அழுத்தித்தான் உட்காரவைப்பான். இதையும் அழுத்தித் திருகினான்.

பொத்தானை அமுக்கினான். விளக்கு எரியவில்லை.

மின்கலத்தைக் கழற்றிப் பொத்தானை அமுக்கிப் பிடித்தான். நினைவகத்தை எடுத்துத் துடைத்துப் போட்டான். வேறு மின்கம்பி மாட்டிப் பார்த்தான். கடைசியில் மறுபடி திறந்தபோது, குட்டைத் திருகின் துளையில் நீளத் திருகு நின்றது. அதன் முனை தாய்ப்பலகைக்குள் இறங்கியிருந்தது.

"இவன் காபி ஊத்தப் போனப்ப நான்தான் ரெண்டு திருகை மாத்தி வச்சேன்," என்றார் எதிரில் இருந்த ரெயிண்டர். ஓய்வுபெற்ற மின்பணியாளர், மேசையின் மூத்தவர். "கவனிக்கிறானான்னு பாத்தேன். கவனிக்கல."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அது செத்துடுச்சு, ரெயிண்டர்," என்றான் டூவே.

"குப்பையில இருந்து வந்ததுதானப்பா."

ஹிஸ்கே எழுந்து வந்தாள். "உங்க வயசுக்கு வெக்கமா இல்ல?"

"ஹிஸ்கே, நீ உக்காரு," என்றாள் அன்னகீன். "ரெயிண்டர், நீங்க செஞ்சது தப்பு. ஆனா டூவே, உள்ளதைச் சொல்றேன், கோவிச்சுக்காத. கையில எடுத்த திருகு நீளமா குட்டையான்னு நீ பாக்கல. வந்தவங்க பொருளா இருந்தா என்ன சொல்லியிருப்போம்?"

இறுக்கம் தெரிந்தும் அழுத்தியது டூவேயின் கைதான்.

"திரை நல்லாத்தானே இருக்கு? பெட்டியில போட்டுடு. நினைவகத்தை இங்க குடு," என்றார் ரெயிண்டர்.

ஹிஸ்கே வேண்டாம் என்று தலையசைத்தாள். டூவே அவளைப் பார்க்கவில்லை. திரையைக் கழற்றித் துணியில் சுற்றி உதிரிப்பெட்டியில் வைத்தான். நினைவகத்தை ஓரங்களில் மட்டும் பிடித்து நீட்டினான்.

ரெயிண்டர் அதைத் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி சரிபண்ணக் கொண்டுவந்த மடிக்கணினியில் செருகிப் பொத்தானை அமுக்கினார். திரை வெளிச்சமானது. கூடம் முழுக்கக் கைதட்டியது. கிழவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டூவே, இவங்களுக்கு ஒரு காபி," என்றார் ரெயிண்டர்.